இரண்டு கையால் எடுக்கும் உறை

பழவேற்காடு
8-1-1976

தம்பி முனிகிருஷ்ணனுக்கு அக்கா செங்கம்மாள் எழுதுவது.

ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது மட்டும் எதற்கு எழுதுகிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. பாப்பாவுக்குக் காது குத்தின அன்று உன் மாமா எல்லார் முன்னாலும், "தோலைத் தொட்ற கையி, புள்ளைய மடியில வெக்காத" என்று சொன்னார். நான் வாயில் துணி வைத்த மாதிரி நின்றேன். தாய்மாமன் நீ இருக்க, அவருடைய தோணிக் கூட்டாளி ஆதிகேசவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அவள் வீறிட்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி அமாவாசை நம் ஊர் முறை. முகத்துவாரத்தில் அன்றைக்கு நாம்தான் வலை கட்ட வேண்டும். அக்கரை வரதன் தன் ஆட்களோடு வந்து முந்திக் கட்டிவிட்டான். கேட்டால், அவன் ஊர்க் கணக்கில் அன்றைக்கு அவர்கள் முறையாம். பேச்சு முற்றி அடிதடி ஆகி, நம் வலையை எவனோ அறுத்துவிட்டான். உன் மாமா மறுநாளே மீஞ்சூருக்குப் போனார். லாரி ஷெட் பக்கத்தில் இருக்கிற கொல்லரிடம் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து ஒரு கத்தி அடித்து வந்திருக்கிறார். ஒரு சாண் நீளம், நுனி மேல்பக்கம் வளைந்தது, நாவல் மரப் பிடி. கேட்டால் வலை சிக்கினால் அறுக்க என்கிறார். இத்தனை வருஷமாக வலை அறுத்த சின்னக் கத்தி தோணியில் நன்றாகத்தான் இருக்கிறது.

சாக்குத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். இரண்டு தடவை அவர் இடுப்பையே கீறிவிட்டது. நேற்று அவரே சொன்னார்: "உன் தம்பி கும்மிடிப்பூண்டியில தோல் கம்பெனியிலதான கீறான். ஒரு உறை தெச்சுக் குடுக்கச் சொல்லு." தோல் நாற்றம் இப்போது மணக்கிறது போலிருக்கிறது.

தம்பி, நான் கேட்பது வேறு. உறை தைத்துக் கொடு. ஆனால் அந்தக் கத்தி சட்டென்று வெளியே வராத மாதிரி தைத்துக் கொடு. தை அமாவாசைக்கு மறுபடி முகத்துவாரத்தில் வரதனோடு நேருக்கு நேர் நிற்பார். இவர் கோபம் உனக்குத் தெரியும், பால் பொங்குகிற மாதிரி பொங்கும், உடனே அடங்கும். அந்த நடுவில் கத்தி கையில் இருக்கக் கூடாது. இருந்தால் வரதன் சுடுகாட்டுக்குப் போவான், இவர் ஜெயிலுக்குப் போவார், நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

உன் மாமாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் பதிலைக் கவரில் போட்டு இரண்டு தாளாக எழுது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அக்கா செங்கம்மாள்


கும்மிடிப்பூண்டி
13-1-1976

அக்காவுக்கு,

மாமாவுக்கான தாள் தனியாக இருக்கிறது. அதில் "தங்கள் சித்தம்" என்று எழுதியிருக்கிறேன். இதில் என் சித்தத்தை எழுதுகிறேன்.

என் கை தீட்டு, என் தையல் தீட்டில்லை. இது எந்த ஊர் நியாயம்? நான் இங்கே வெல்டிங் வேலைக்காரர்களுக்குக் கையுறை தைக்கிறேன். காலை எட்டுக்குச் சங்கு ஊதினால் மாலை ஐந்துக்கு ஊதும்வரை தோலும் நூலும்தான். அந்தச் சம்பளத்தில்தான் பாப்பாவுக்குக் கொலுசு வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, இந்நேரம் அவள் காலுக்குச் சின்னதாகியிருக்கும்.

மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். "பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்" என்று எழுதிவிட்டாயே, அதற்குமேல் என்ன எழுத?

கேள். கையுறைக்கு வரும் தோல் துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும், உறைக்கு ஆகாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமைத் தோல் வேண்டும். அதை வெந்நீரில் ஊறப்போட்டு, கத்தியை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேலே போர்த்தி அழுத்தினால் கத்தியின் உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். காய்ந்தபின் விடாது. எவ்வளவு இறுக்கம் என்பது தைக்கிறவன் கையில் இருக்கிறது.

பிடியில் மூன்று விரல்கடை உறைக்குள் போகிற மாதிரி செய்கிறேன். இடுப்பு வாருக்குப் போடும் வளையத்தைத் தளர்வாக விடுகிறேன். ஒரு கையால் இழுத்தால் கத்தியோடு உறையும் சேர்ந்து மேலே வரும். இடது கையால் உறையைப் பிடித்து, வலது கையால் பிடியை ஆட்டி ஆட்டித்தான் உருவ வேண்டும். ஆத்திரத்தில் இருக்கிறவனுக்கு இன்னொரு கை இருப்பதே ஞாபகம் வராது.

காகிதத்தில் வரைந்து அனுப்பினால் போதாது. கத்தியே வேண்டும்.

முனிகிருஷ்ணன்


பழவேற்காடு
19-1-1976

தம்பிக்கு,

கத்தி வருகிறது. இறால் கூடைக்கார முத்தம்மாள் வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டி சந்தைக்கு வருகிறாள். கூடை அடியில் ஐஸுக்குக் கீழே வைத்துக் கொண்டுவருவாள். கை வைக்கும்போது பார்த்து வை.

உன் தாளை வாசித்துக் காட்டினேன். "தங்கள் சித்தம்" என்றதும் உன் மாமா சிரித்துவிட்டார். "ரோஷக்காரன்" என்றார். அது ஒன்றும் திட்டு இல்லை.

கத்தியை அவளிடம் கொடுத்தபிறகு இந்த வீடு வீடாக இருக்கிறது. இடுப்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார், அங்கே ஒன்றும் இல்லை. நேற்று உட்கார்ந்து பாப்பாவுக்குத் தலைவாரிவிட்டார், கோணல் வகிடுதான். வரதன் பேச்சையே எடுக்கவில்லை. நீ நிதானமாகத் தை. எத்தனை நாள் ஆனாலும் சரி. ஆனால் தை அமாவாசைக்கு முன்னால் வந்தாக வேண்டும் என்கிறார். முப்பத்தொன்றாம் தேதி அமாவாசை.

அக்கா


கும்மிடிப்பூண்டி
29-1-1976

அக்காவுக்கு,

முத்தம்மாளிடம் உறையும் கத்தியும் கொடுத்திருக்கிறேன். கத்தியை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்தேன். கொல்லர் நல்ல வேலைக்காரர், சந்தேகமில்லை. பிடி மாமாவின் கைக்கென்றே இழைத்திருக்கிறது, என் கைக்குப் பெரிது. ஒரு நிமிஷம் இதைக் கம்பெனிக்குப் பின்னால் உள்ள குட்டையில் எறிந்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. இன்னொன்று அடித்துக்கொள்வார். அப்போது என்னிடம் உறை கேட்கமாட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து தைத்தேன். வாய் ஓரத்தைக் கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்திப் பிடியின் புடைப்பை வாங்க வைத்தேன். கத்தி தையலை அறுக்காமலிருக்க ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு பட்டைத் தோல் வைத்து, இரண்டு ஊசியால் எதிரும் புதிருமாக மெழுகு நூல் கோத்தேன். நிழலில் இரண்டு நாள் காய்ந்தது. சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் ஒரு கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, பெவிகால் போட்டு ஒட்டிட்டியா?" என்றார்.

மனதில் ஒன்று உறுத்துகிறது. வலை உண்மையாகவே சிக்கினால் என்ன செய்வார்? பழைய சின்னக் கத்தி தோணியிலேயே இருக்கட்டும். அதை அங்கிருந்து எடுக்க விடாதே. இதை மறக்காதே அக்கா.

மாமாவுக்கான தாள் கீழே.

மாமா அவர்களுக்கு, உறை சற்று இறுக்கமாக இருக்கும். தோணி ஆட்டத்தில் கத்தி நழுவி ஏரியில் விழாமல் இருக்க அப்படித் தைத்தேன். உருவும்போது இடது கையால் உறையைப் பிடித்துக்கொள்ளவும். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவவும். தங்கள் முனிகிருஷ்ணன்.


பழவேற்காடு
3-2-1976

தம்பி,

சொன்னபடியே நடந்தது. உன் கைக்குப் பொன்காப்பு போட வேண்டும்.

அமாவாசை அன்று வரதன் மறுபடி வந்தான். கரையிலேயே பேச்சு தடித்தது. ஆதிகேசவன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னான். வரதன் ஏதோ அம்மாவைச் சேர்த்துச் சொன்னானாம். உன் மாமா கை இடுப்புக்குப் போனது. இழுத்தார், வேட்டியோடு உறை மேலே வந்தது. மறுபடி இழுத்தார், வரவில்லை. அதற்குள் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாரும் நடுவில் புகுந்துவிட்டார்கள். கூட்டத்தில் எவனோ சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், வரதனும் சிரித்தான். கடைசியில் இந்த மாசம் ஆளுக்குப் பாதி நாள் என்று பேசி முடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து திட்டுவார் என்று அடுப்பு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். அவர் உறையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரப் பையன்தான். பாப்பாவுக்கு மொட்டை அடிக்கணும்ல, தாய்மாமன் மடி வோணும்னு எழுது" என்றார். தம்பி, நான் அழுதுவிட்டேன். அழாமல் எப்படி இருப்பேன்? பங்குனியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் சின்னக் கத்தியை நேற்றுத் தோணியிலிருந்து எடுத்து வந்து என்னிடம் கொடுத்துவிட்டார். "மச்சான் உறை கீறப்போ இது இன்னாத்துக்கு? நீ மீன் ஆயக் கையில வெச்சுக்க" என்றார். வேண்டாம், தோணியில் இருக்கட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வாங்கிக்கொண்டேன்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
8-2-1976

அக்கா,

மடி என்று படித்ததும் சந்தோஷத்தில் கொலுசைக் கொண்டுபோய்ப் பெரிதாக மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து மறுபடி உன் கடிதத்தைப் படித்தேன். கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன்.

ஏன் வாங்கிக்கொண்டாய்? மீன் ஆய இதில் கை வரவில்லை, அருவாமணைதான் சரி என்று ஏதாவது சொல்லித் தோணியில் போட்டிருக்கலாமே. ஏரியில் இருக்கிறவருக்கு எப்போதும் இரண்டு கை ஓய்வாக இருக்காது. ஒரு கை துடுப்பில், ஒரு கை கயிற்றில். இது எனக்குத் தைக்கும்போதே தெரியும். கரையில் நிற்கிற மனுஷனை நினைத்துத் தைத்தேன், தண்ணீரில் நிற்கிற மனுஷனை ஒரு வரியில் உன் தலையில் கட்டிவிட்டேன். தப்பு என்மேல்தான்.

உறையைத் திருப்பி அனுப்பு. தையல் பிரிந்தது என்று சொல். வெந்நீரில் நனைத்து மர ஆப்பு அடித்து வாயை விரித்துவிடுகிறேன், இரண்டு நாள் வேலை. உடனே அனுப்பு.

முனி


பழவேற்காடு
14-2-1976

தம்பி,

தையல் பிரிந்தது என்றால் நம்பமாட்டார். தினமும் எண்ணெய் போடுகிறார், ஒரு நூல் அசையவில்லை. உன் வேலை அவ்வளவு கெட்டி. சின்னக் கத்தியை இரண்டு தடவை தோணியில் போட்டேன். இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்து, "மறந்துட்டியா?" என்று கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. இருபத்தொன்பதாம் தேதி மாசி அமாவாசை. பாதி நாள் கணக்கில் ஏற்கெனவே கசமுசா. வரதன் தம்பி ஏதோ சொன்னானாம். இப்போது உறையை விரித்தால் அன்றைக்குக் கத்தி வந்துவிடும். விரிக்காவிட்டால் தண்ணீரில் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. யாரிடம் போய்க் கேட்பேன்? உன்னிடம்கூடக் கேட்கவில்லை, நானே முடிவு பண்ணிவிட்டேன். மாசி அமாவாசை போகட்டும். அப்புறம் அனுப்புகிறேன். பதினைந்து நாள்தான்.

அக்கா


பழவேற்காடு
12-3-1976

தம்பி முனிகிருஷ்ணனுக்கு,

தந்தி கொடுக்கலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். தந்தியில் என்ன எழுதுவது? உயிரோடு இருக்கிறார், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அமாவாசை அமைதியாகப் போனது. ஒரு சத்தம் இல்லை. நானும் உறையை எடுத்து முத்தம்மாளிடம் கொடுக்க வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி காலை, ஆதிகேசவனுக்குக் காய்ச்சல் என்று இவர் தனியாகப் போனார். முகத்துவாரத்தில் நீர் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததாம். கழியில் சிக்கின வலையை விடுவிக்க இறங்கியிருக்கிறார். கயிறு இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. நீர் இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது.

வரதன்தான் தூக்கி வந்தான். ஆமாம், அந்த வரதன். அக்கரையிலிருந்து பார்த்துவிட்டுத் தோணியை விட்டு நீந்தி வந்து தன் கத்தியால் கயிற்றை அறுத்திருக்கிறான். நம் வாசலில் ஈரத் துணியோடு நின்று அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருக்கிறது: "கத்தி இடுப்புலதான் இருந்துச்சும்மா. கழுத்து மட்டும் தண்ணி. ஒரு கையால இழுத்துக்கினே இருந்தாரு. உறையோட வருது, உறையோட வருது. நான் பார்த்துக்கினே நீந்தினேன், கிட்டக்க வர நேரமாய்டுச்சு."

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

அவர் உன்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ உறையைப் பற்றிப் பேசினபோது, "உப்புத் தண்ணி குடிச்சுத் தோலு உப்பிப்போச்சு, மச்சான் இன்னா பண்ணுவான்" என்று அவர்களையே அதட்டினார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஒரு கையால எடுக்கிற மாதிரி உறை ஒண்ணு தெய்க்கச் சொல்லு. கையுறை தெச்சா இனிமே எனக்கு ஒரு பக்கம் போதும்னும் எழுது" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்ப் புடவையை வாயில் திணித்துக்கொண்டேன்.

நீ ஒன்றும் எழுதாதே. புது உறை மட்டும் தைத்து அனுப்பு.

அக்கா


கும்மிடிப்பூண்டி
17-3-1976

மாமா துலுக்காணம் அவர்களுக்கு முனிகிருஷ்ணன் எழுதுவது.

இந்தத் தடவை ஒரே தாள்தான். அக்கா, இதில் உனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மாமாவுக்கு வாசித்துக் காட்டு.

மாமா, உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் ஏற்றின எருமைத் தோல் ஒரு காலை நேரத்தில் உப்பாது. இதைத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு கையால் எடுக்க முடியாதபடி வேண்டுமென்றேதான் தைத்தேன். நீங்கள் வரதனைக் குத்திவிடக் கூடாது என்று அப்படித் தைத்தேன். ஏரியில் விழாமலிருக்க என்று எழுதியது பொய். தைக்கும்போதே தண்ணீரில் ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்து அனுப்பினேன். அந்த வாய் ஓரத்தை அழுத்தினது இதே கைதான். தோல் தொட்ட கை என்று அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள், எனக்குக் கோபம் வந்தது. இன்று மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கையுறையில் இடது கைக்கான துண்டை எடுக்க விரல் வரமாட்டேன் என்கிறது. இரண்டு நாளாகக் கூலி வெட்டு.

இப்படித் தைக்கக் கேட்டது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

மடியைப் பற்றி நான் இனிப் பேசமாட்டேன். கொலுசு மட்டும் அனுப்புகிறேன். புது உறையை நான் தைக்கலாம் என்று நீங்கள் சொன்னால் தைக்கிறேன்.

முனிகிருஷ்ணன்


பழவேற்காடு
24-3-1976

தம்பி,

"யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாயே. உண்மையைச் சொல்ல உட்கார்ந்தவன் அதிலும் எனக்காக ஒரு பொய்யைச் செருகிவிட்டாய். உன்னை அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாப்பா கொலுசைப் போட்டுக்கொண்டு குதித்தாள். "தம்பி இன்னா எழுதிக்கீறான், படி" என்றார். தாளைப் பிரித்தேன். "மாமா துலுக்காணம் அவர்களுக்கு" என்று வாசித்தேன். அடுத்ததைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்தேன். வாசிக்காமல், என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தம்பி ரொம்ப வருத்தப்படுகிறான், புது உறை தைக்கிறானாம், கொலுசு அனுப்பியிருக்கிறான் என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டித் தாளை வாங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கம் நெருக்கி எழுதிக்கீறான். நீ மூணு வார்த்தைதான் சொன்ன" என்றார். நான் குனிந்து பாப்பாவின் கொலுசைச் சரிசெய்தேன். "சரி, உடு. அவனே வந்து படிக்கட்டும். ஏப்ரல் நாலாம் தேதி ஞாயித்துக்கெழம புள்ளைக்கு மொட்டை. தாய்மாமன் மடி இல்லாம அடிக்க மாட்டேன்னு எழுது" என்றார்.

தாளை மடித்தார். முட்டியால் அழுத்தி ஒற்றைக் கையால் மடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? கத்தி இனி வேண்டாம் என்று போன வாரமே மீஞ்சூர்க் கொல்லரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதனால் உறை காலி. தாளை அதற்குள் திணித்துச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டார். ஆதிகேசவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம், அவனுக்கு எழுத்து தெரியும். சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும் ஆணியைப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார். என்ன நினைக்கிறார் என்று இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியவில்லை.

இன்று அவர் கரைக்குப் போயிருந்தபோது ஆணியிலிருந்து உறையை எடுத்தேன். இடது கையால் பிடித்து வலது கை விரலை உள்ளே விட்டுத் தாளைத் தொட்டுப் பார்த்தேன். உருவி அடுப்பில் போட்டால் முடிந்தது. எனக்கு இரண்டு கை இருக்கிறது.

திரும்ப மாட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நாலாம் தேதி ஞாயிறு, முதல் பஸ்ஸுக்கு வா. நீ வாசிக்கும்போது அந்த "யாரும் கேட்கவில்லை" வரியை மட்டும் விட்டுவிடு. அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா செங்கம்மாள்